மூட்டை போட்ட மார்க்

பதினான்கு வருடமாக எங்கள் பத்திரிகையில் என் அண்ணியின் பெயர் 'மூட்டை' என்றுதான் அச்சாகிறது. கேலிக்கு வைத்த பெயர் இல்லை. உத்தியோகப் பெயர்.

எங்களுடையது மோட்டார் சைக்கிள்களுக்கான மாதப் பத்திரிகை. டயர் கடையின் மாடியில் இரண்டு அறை, பின்னால் வண்டிகளை நிறுத்த ஒரு சிமெண்டு முற்றம். நான் பக்கம் அமைப்பவன். படத்தை எங்கே வைப்பது, தலைப்பை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பதெல்லாம் என் பாடு. என் அண்ணன் வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுபவர். மாதம் ஓர் ஒப்பீடு. ஏறக்குறைய ஒரே விலையில் ஒரே ரகமாக இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டு, எது தேவலை என்று அண்ணன் சொல்வார். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று நம்பி வண்டி வாங்கியவர்கள் ஊர்ப்பட்ட பேர். அதில் நானும் ஒருவன். அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன்.

தனியாக ஓட்டினால் வண்டியின் பாதி குணம்தான் தெரியும், பின்னால் பாரம் ஏறினால்தான் மீதி வெளியே வரும் என்பது ஆசிரியரின் கட்சி. அதற்காக ஐம்பத்தைந்து கிலோ மணலைச் சாக்கில் கட்டி, பின்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். ஒருநாள் பாலத்து இறக்கத்தில் சாக்கு கிழிந்து ரோடெல்லாம் மணல். பின்னால் வந்த சைக்கிள்காரர் வழுக்கி விழுந்து எழுந்து, அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். மறுநாளும் ஓட்டியாக வேண்டும். சாக்கு இல்லை. அண்ணன் தன் மனைவியைக் கூட்டி வந்து ஆபீஸ் எடை மெஷினில் நிறுத்தினார். ஐம்பத்து நாலரை கிலோ. கைப்பையில் முற்றத்துக் கேட்டின் பூட்டைப் போட்டதும் கணக்குச் சரியாகிவிட்டது.

அண்ணி அப்போது ஒரு சட்டை தைக்கும் ஆலையில் தரம் பார்ப்பவராக இருந்தார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகள் அவர் கை வழியாகப் போகும். காலர் முனை ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு நூலைக் கட்டி ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார். தைத்தது தோழியா, புதிதாக வந்த பெண்ணா என்றெல்லாம் பார்க்க மாட்டார். அன்று சுற்று முடிந்து வண்டியை விட்டு இறங்கியவர் நேராக ஆசிரியரின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"சார், மூட்டை பேசலாமா?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பேசுங்கம்மா."

"பின்னால பிடிச்சுக்கிற கம்பி கைக்கு எட்டல. கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே சைலன்சர், கணுக்கால் வேகுது. ஏத்தத்துல மூணாவது கியர்ல போனா பல்லெல்லாம் கிடுகிடுங்குது. இவர் பிரேக் போட்டா நான் இவர் முதுகுல போய் ஒட்டிக்கிறேன். சீட்டு முன்னால சரிஞ்சிருக்கு சார்."

இந்த நான்கில் ஒன்றுகூட அண்ணனின் குறிப்பில் இல்லை. சாக்குக்கு அன்றோடு வேலை போயிற்று. அடுத்த இதழிலிருந்து 'மூட்டை சொல்வது' என்று கால் பக்கம் ஆரம்பமானது. ஐந்து வருடம் கழித்து அது அரைப் பக்கமானபோது அண்ணி ஆலை வேலையை விட்டுவிட்டு முழுநேர மூட்டையானார்.

ஒப்பீடு செய்ய ஆசிரியர் வகுத்த முறை ஒன்று உண்டு. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சுற்று: கல் பாவிய கடைத்தெரு, பாலம், புறவழிச்சாலை, ஒரு மலைச்சரிவு, மறுபடி ஆபீஸ் முற்றம். முதலில் எந்த வண்டி என்பதைக் காசு சுண்டி முடிவு செய்ய வேண்டும். ஒரு வண்டியில் ஒரு சுற்று, பத்து நிமிடம் ஓய்வு, உடனே அடுத்த வண்டியில் அதே சுற்று. வழியில் இருவரும் வண்டியைப் பற்றி மூச்சு விடக்கூடாது. திரும்பியதும் முற்றத்தின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து தனித்தனியாக மார்க் போட்டு உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிரேக், சத்தம், சூடு, அதிர்வு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை; தொல்லை குறையக் குறைய மார்க் கூடும். ஏதாவது ஒன்றில் இருவர் மார்க்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசப்பட்டால் மறுநாள் திரும்ப ஓட்ட வேண்டும். பதினான்கு வருடத்தில் அப்படி ஓட்டியது மூன்றே முறை.

அண்ணியின் தாளில் மட்டும் கடைசியாக ஒரு வரி அதிகம்: 'இதே சீட்டில் இன்னும் நூறு கிலோமீட்டர் போவீர்களா? ஆம் / இல்லை.' சீட்டுக்கு மூன்று மார்க் போட்டு, சைலன்சர் சூட்டைக் கண்டபடி ஏசியிருந்தாலும் அந்த வரியில் அண்ணி 'ஆம்' என்றுதான் போட்டிருப்பார். ஆசிரியர் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இது சீட்டே இல்ல, பலகைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் நூறு கிலோமீட்டர் போவேங்கறீங்களே, எப்படிம்மா?"

"போயிடலாம் சார்" என்றார் அண்ணி.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்தச் சம்பவம் நடந்த மாதம் எங்களுக்கு வந்தவை பழைய பாணி வண்டிகள் இரண்டு. வட்ட ஹெட்லைட், நீர்த்துளி வடிவ டாங்க், பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர். மேலே பிளாஸ்டிக் மூடி எதுவும் கிடையாது. எஞ்சின் அப்படியே வெளியே தெரியும். அண்ணி இந்த ரகத்துக்குச் 'சட்டை போடாத வண்டி' என்று பெயர் வைத்திருந்தார். தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த வண்டியை ஐம்பது வருடத்துக்கு முந்தைய வண்டிபோல் ஜோடித்து, அதற்காகக் கூடுதலாக விலையும் வைக்கிறார்கள். நம் ஆட்களும் அதைப் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஆனால் பச்சை நிற வண்டியின் டாங்க்கைத் துணியால் துடைத்தபோது நானும் தேவைக்கு மேல் இரண்டு தடவை துடைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பச்சைக்கு ஒற்றை சிலிண்டர். கம்பிச் சக்கரங்கள், அகலமான ஹேண்டில்பார், எடை குறைவு. கடைத்தெருவில் ஒடித்துத் திருப்ப லகு. கறுப்புக்கு இரட்டை சிலிண்டர். வார்ப்புச் சக்கரங்கள், தாழ்ந்த சீட்டு, கையால் தள்ளும்போது மட்டும் கனம். ஓட ஆரம்பித்துவிட்டால் கனம் எங்கே போனதென்று தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாத ஜோடி. அட்டைப்படக் கட்டுரையே அதுதான்.

முதல் நாள் காசு சுண்டியதில் பச்சை முதலில் போனது, கறுப்பு இரண்டாவது. உறைகளை ஸ்கேலால் கிழித்து ஆசிரியர் வாசித்தார். எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போயிருந்தார்கள், ஒன்றைத் தவிர. அதிர்வு: அண்ணன் பச்சைக்கு எட்டு, கறுப்புக்கு நாலு. அண்ணி பச்சைக்கு ஏழு, கறுப்புக்கு எட்டு.

"கறுப்பு நாலா? பாதத்துல ஒரு துளி அதிர்வுகூடத் தெரியலையே" என்றார் அண்ணி.

"பாதத்துல இல்லம்மா. ஹேண்டில்பார்ல. இடது கை விரலெல்லாம் எறும்பு ஊருது. கிளச்சும் கல்லு மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

மறுநாள் திரும்ப ஓட்டினார்கள். ஆசிரியர் முறைப்படி வரிசையை மாற்றச் சொன்னார். கறுப்பு முதலில், பச்சை இரண்டாவது. அண்ணியின் மார்க்கில் மாற்றமே இல்லை: கறுப்பு எட்டு, பச்சை ஏழு. அண்ணன் கறுப்புக்கு எட்டு போட்டிருந்தார். பச்சைக்கு நாலு.

ஆசிரியர் இரண்டு நாள் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நேத்து நாலு வாங்கின கறுப்பு ஒரே ராத்திரியில எப்படிப்பா எட்டு வாங்குச்சு?"

அண்ணனிடம் பதில் இருந்தது. நேற்று கறுப்பின் ஹேண்டில்பார் நட்டு தளர்ந்திருக்கும், சாயங்காலம் கம்பெனி மெக்கானிக் வந்து முறுக்கிவிட்டார். இன்று பச்சையின் டயரில் காற்று அதிகம், அளந்து பார்க்கலாம். அளந்தார்கள். ஒரு துளி அதிகமாகத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இந்தப் புத்தி உண்டு. முதுகு வலித்தால் சீட்டைக் கழற்றுவோம், காது இரைந்தால் சைலன்சரைக் கழற்றுவோம். ஆளைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

ஆசிரியர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மூணாவது தடவை. அதுலயும் ஒத்து வரலைன்னா, கோச்சுக்காதீங்க, ஒருத்தரை மாத்தித்தான் ஆகணும். முறைன்னா முறைதான்."

'ஒருத்தர்' என்று அவர் சொன்னது அண்ணியைத்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்தவர் பேச்சா, பிடிக்காதவர் பேச்சா என்றால் யாருடையது எடுபடும்? வீட்டுக்கு வந்ததும் அண்ணனும் அதைத்தான் சொன்னார்.

"பின்னால உக்காந்திருக்கிறவளுக்கு என் கை எப்படிடி தெரியும்?"

"உங்க கை தெரியாது. வண்டி தெரியும்" என்று சொல்லிவிட்டு அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் அவர்கள் வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறேன். சாப்பாடு கீழே. எனக்குச் சண்டை என்றாலே ஆகாது. எப்படியாவது பூசி மெழுகிவிட வேண்டும். காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணி, பேசாம நாளைக்கு நீங்களும் ரெண்டாவது வண்டிக்கு அஞ்சு போட்டுடுங்க. வித்தியாசம் ரெண்டுக்குள்ள அடங்கிடும். உங்க வேலையும் தப்பிச்சுடும், அண்ணன் மானமும் தப்பிச்சுடும்."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "தம்பி, அப்ப மணல் மூட்டையே போதுமே. நான் எதுக்கு?"

அவர் மறுபடி கத்தியை எடுத்து இரண்டு துண்டு நறுக்கினார். பிறகு அப்படியே நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?"

"அஞ்சு போடுங்கன்னு..."

"அது இல்ல. எந்த வண்டிக்கு?"

"ரெண்டாவது வண்டிக்கு."

அவர் கையைக்கூடத் துடைக்காமல் உள்ளறைக்குப் போனார். துணி வெட்டும் பெரிய மேஜையின் அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு சுற்றைப் பற்றியும் அண்ணி எழுதிவைத்த பதினான்கு வருட நோட்டுகளும் அதில்தான். எந்த வண்டி முதலில் போனது, எது இரண்டாவது என்று பத்திரிகையில் நாங்கள் போடுவதில்லை. அண்ணியின் நோட்டில் மட்டும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் முதல் வரி அதுதான். கடைசி எட்டு மாத நோட்டுகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். ஜெயித்த வண்டியின் பெயர்மேல் ஒரு வெள்ளைப் பொத்தான், தோற்றதன் மேல் ஒரு கறுப்புப் பொத்தான். நான் பக்கத்தில் நின்று பொத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எட்டு மாதத்தில் எட்டு ஒப்பீடு. ஏழில் இரண்டாவதாக ஓட்டிய வண்டி தோற்றிருந்தது. அதிர்வில்தான் தோற்றிருந்தது. அண்ணன் ஆறு போட்ட இடத்தில் அண்ணி எட்டு. அவர் ஐந்து போட்ட இடத்தில் இவர் ஏழு. ஒரு தடவைகூட இரண்டைத் தாண்டவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இந்த மாதம்தான் அது வளர்ந்து நாலாகியிருந்தது.

ஒரே ஒரு ஒப்பீட்டில் மட்டும் இரண்டாவது வண்டி ஜெயித்திருந்தது. அண்ணி அந்த நோட்டைத் தொட்டார். "இது என்ன வண்டி, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் இரண்டு. "கிளச் கிடையாது" என்றேன்.

"இடது கைக்கு ஓயாம அழுத்துற வேலை கிடையாது."

அண்ணி நோட்டுகளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சிக்னல்ல நிக்கும்போது இடது கையை உதறுவார். பார்த்திருக்கேன். 'ஓட்டுபவர் நான்கு முறை கையை உதறினார்'னு எழுதியும் வச்சிருக்கேன், பாருங்க. அதுக்காக நானும் வண்டிக்கு ஒரு மார்க் குறைச்சிருக்கேன். அவர் கையை உதறினா தப்பு வண்டி மேலதான்னு அப்படியே நம்பினேன். இந்தக் கறுப்பு வண்டிகிட்ட குறைக்க மனசு வரல, அவ்வளவு நல்ல வண்டி. இல்லேன்னா இந்த மாசமும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார். அண்ணி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் ஐந்தாம் மாத நோட்டு என் கண்ணில் பட்டது. சந்தன நிற வண்டிக்கும் நீல நிற வண்டிக்கும் நடந்த ஒப்பீடு. நீலத்தில் 'கை மரத்துப்போகும் அதிர்வு' என்று அண்ணன் எழுதியதை நம்பி, நான் என் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துச் சந்தனத்தை வாங்கியிருந்தேன். அதன் அதிரும் கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும். நான் ரோட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டில் நீலம் இரண்டாவதாகப் போயிருந்தது.

மறுநாள் காலை முற்றத்தில் அண்ணி அண்ணனிடம் நேராகச் சொன்னார். "இன்னிக்குப் பச்சை வேண்டாங்க. கறுப்புல ஒரு சுத்து. அப்புறம் அதே கறுப்புல இன்னொரு சுத்து. ரெண்டுக்கும் தனித்தனியா மார்க் போடுங்க."

"அதுக்குப் பேரு ஒப்பீடா?"

"தப்பு வண்டி மேலன்னா ரெண்டு சுத்துக்கும் ஒரே மார்க்தானே வரணும்?"

"வராம என்ன பண்ணும்?"

"அப்ப ஓட்டுங்க."

அண்ணன் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் பால்கனியில் நின்று தலையாட்டினார். அண்ணன் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே சோதித்தார், காற்றைத் தானே அளந்தார். அண்ணி எடை மெஷினில் ஏறினார். ஐம்பத்து நாலு. அந்தப் பழைய பூட்டு இன்னும் அதே வேலையில்தான் இருந்தது. அதையும் ஒரு பெரிய ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். போனார்கள், வந்தார்கள், பத்து நிமிடம் உட்கார்ந்தார்கள், மறுபடி போனார்கள்.

இரண்டாவது சுற்று முடிந்து வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே அண்ணனின் முகம் வாடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, இடது கையின் விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கிளச்சிலிருந்து எடுத்தார். அவருடைய மூலையில் போய்த் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமாக அவருக்கு மார்க் போட இரண்டு நிமிடம் போதும். அன்று பதினைந்து நிமிடம் ஆயிற்று.

அந்தப் பதினைந்து நிமிடமும் நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டு என்று எழுதினால் போதும். கேட்பார் இல்லை. அண்ணியின் வேலைதான் போகும். பதினான்கு வருடமாக அவர் சொன்னதே தீர்ப்பு. அந்த வாக்கு அவர் பென்சில் முனையில் நின்றது. நானாக இருந்தால் எட்டு என்றுதான் எழுதியிருப்பேன்.

அண்ணன் உறையை ஒட்டாமல் தாளை அப்படியே கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுத்தார். முதல் சுற்று, கறுப்பு, அதிர்வு: எட்டு. இரண்டாம் சுற்று, கறுப்பு, அதிர்வு: மூன்று.

அண்ணன்தான் முதலில் பேசினார்; அதுவும் கையைப் பற்றி இல்லை. "அப்போ அந்த நீல வண்டிக்கு நான் போட்ட அஞ்சு?"

என்னையும் அறியாமல் "அதை விடுண்ணே" என்று சொல்லிவிட்டேன். சந்தன வண்டி முற்றத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்னை நான் ஏமாத்திட்டேன்டா" என்றார். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. நீல வண்டியைவிட அந்த நிமிடம் எனக்கு அண்ணன்தான் பெரிதாக இருந்தார், போய்த் தொலையட்டும் வண்டி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். "எறும்பு ஊருதா?" என்றார். "ஊருது" என்றார் அண்ணன். மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நெரிபடுகிறதாம். சின்ன ஆபரேஷன். மூன்று மாதம் கிளச்சைத் தொடக்கூடாது. இன்னும் ஒரு வருடம் இப்படியே ஓட்டியிருந்தால் விரல்களுக்கு வலுவே திரும்பியிருக்காது என்றும் சொன்னார். அண்ணன் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, இது எத்தனை மாதமாக இருந்திருக்கும் என்பதுதான். எட்டு, பத்து மாதம் இருக்கலாம் என்றார். அண்ணன் அதைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அன்றே திருத்தம் எழுத உட்கார்ந்தார். தோற்ற ஏழு வண்டிகளின் பெயர்களும் வரிசையாக. 'இவற்றில் அதிர்வு இருப்பதாக நான் எழுதியது தவறு. அதிர்வு என் கையில் இருந்தது. இவற்றை வேண்டாமென்று ஒதுக்கிய வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' ஆசிரியர் கொஞ்சம் பூசி எழுதலாமே என்றார். அண்ணன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இதழ் வெளிவர நாள் நெருங்கியிருந்தது. பச்சையா கறுப்பா என்ற தீர்ப்பு இன்னும் வரவில்லை. முறைப்படி ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் பின்னால் உட்கார வேண்டும். அவசரத்துக்கு ஆபீஸில் லைசென்ஸ் வைத்திருந்தது நான் ஒருவன்தான். ஆசிரியர் சாவியை என்னிடம் கொடுத்தார். என்னை நம்பி இல்லை, வேறு வழியில்லாமல்.

அண்ணி என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கடைத்தெருவில் இரண்டு இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டேன். மலைச்சரிவில் கியரை மாற்றியபோது அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் முட்டியது. வண்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுபவரைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதி இல்லை, ஆனாலும் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

உறைகளை ஆசிரியர் பிரித்தார். நானும் அண்ணியும் எல்லா இடத்திலும் இரண்டு மார்க்குக்குள் இருந்தோம். கறுப்பு மூன்று மார்க் வித்தியாசத்தில் ஜெயித்தது. அண்ணி பச்சையின் சீட்டுக்கு எட்டு போட்டிருந்தார், கறுப்பின் சீட்டுக்கு ஒன்பது. அவர் கையிலிருந்து ஒன்பது வருவது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். ஆசிரியர் கடைசி வரிக்கு வந்து நின்றார்.

'இதே சீட்டில் இன்னும் நூறு கிலோமீட்டர் போவீர்களா?' பச்சை: இல்லை. கறுப்பு: இல்லை.

"என்னம்மா இது? பலகைக்கெல்லாம் 'ஆம்' போட்டீங்க. ஒன்பது மார்க் சீட்டுக்கு 'இல்லை'யா?"

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "தம்பி கோச்சுக்கக் கூடாது. வண்டி மேல குத்தமில்ல சார்."

பிறகு தாளைத் திரும்பக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். சட்டைக் காலரில் விலகிய நூலைப் பார்ப்பதுபோல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சார், ஒண்ணு பண்ணுங்க. அவர் திருத்தம் போடறாருல்ல, அதுக்குக் கீழ என்னோடதையும் போட்டுடுங்க. இந்த வரியில பதினாலு வருஷமா நான் தப்பா மார்க் போட்டிருக்கேன்."

அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிக்கொண்டேன். பக்கமும் நான்தான் அமைத்தேன். இடது பத்தியில் அண்ணனின் ஏழு வண்டிகள். அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் கீழே அண்ணியுடையது.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள், அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் கட்டுப் போட்ட இடது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்ணி ஜன்னலோரம் அவருடைய சட்டைக் கையைக் கட்டு நுழையும்படி பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முதலில் தன்னுடையதைப் படித்தார், ஓர் ஒற்றைப் புள்ளியைத் திருத்தினார். பிறகு கோட்டுக்குக் கீழே போனார்.

'திருத்தம், மூட்டை: நூறு கிலோமீட்டர் போவீர்களா என்ற கேள்விக்கு நான் இதுவரை போட்ட "ஆம்" எதையும் வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை வண்டிக்குப் போட்ட மார்க் அல்ல.'

அண்ணன் அதை இரண்டாம் தடவை படித்தார். தாளை மடியில் வைத்தார்.

"வண்டிக்கு இல்லேன்னா யாருக்குப் போட்டதாம்?" என்றார்.

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கையிலதானே கட்டு? கண்ணுலயுமா?" என்று சொல்லிவிட்டு, சட்டையை அவருக்குப் போட்டுவிட எழுந்து வந்தார்.